ஒரு வருடத் தவணை

எங்கள் பகுதி வைத்தியசாலையின் சீனி வருத்தக் கிளினிக்கிற்கு நான் ஆறு வருடங்களாகப் போய்வருகிறேன். சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு சென்று, இலக்கத் துண்டு எடுத்து, வாங்கில் உட்கார்ந்திருப்பது மாதாந்த வழக்கம். இரத்தம் எடுப்பார்கள். பிறஷர் பார்ப்பார்கள். பாதத்தில் புண் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கண்ணைப் பரிசோதிக்க அனுப்புவார்கள். உடம்பின் ஓர் இடத்தைப் பற்றி மட்டும் அவர்களும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

சென்ற வருடம் மாற்றலாகி வந்த ஓர் இளம் டொக்டர்தான் அதைக் கேட்டார். அவர் சிங்களவர். தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வரும். வழமையாக மொழிபெயர்க்கும் தாதியை ஏதோ அலுவல் சொல்லி வெளியே அனுப்பினார். பிறகு கதவைச் சாத்திவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் பேசினார்.

"சேர், சீனி உள்ள ஆம்பிளைகள் நிறையப் பேருக்கு மனுசியோட சேர்றதுல கஷ்டம் வாறது. உங்களுக்கு எப்படி?"

நான் நிலத்தைப் பார்த்தேன். "இருக்கு டொக்டர்" என்றேன். அந்த இரண்டு சொல்லும் வெளியே வர எனக்கு இரண்டு வருடம் எடுத்திருக்கிறது.

பின்னர் யோசித்துப் பார்த்தபோதுதான் அவர் கேட்ட முறையின் நுட்பம் விளங்கியது. அவர் என்னைப் பற்றித் தொடங்கவில்லை. பலருக்கு வருகின்ற ஒன்று என்று முதலில் சொல்லி, அந்தப் பலருக்கு மத்தியில் என்னையும் இருத்திவிட்டு, அதன் பிறகே என்னிடம் கேட்டார்.

அன்று அவர் ஒரு தாளை எடுத்துக் காட்டினார். ஐந்தே ஐந்து கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் புள்ளி உண்டு, மொத்தம் 25. 21 அல்லது அதற்குக் கீழே வந்தால் குறைபாடு இருக்கலாம் என்று கொள்வார்கள். அவரிடம் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் அது இருந்தது, தமிழில் இருக்கவில்லை. "சேர் தமிழ் படிப்பிக்கிறதுதானே, இங்க ஆக்களுக்கு விளங்குற மாதிரி எழுதித் தர ஏலுமா?" என்று கேட்டார். இருபது வருடங்களுக்கு மேலாகத் தமிழ் கற்பிப்பவன் நான். ஓர் இரவில் முடித்துவிடலாம் என்று நினைத்து வாங்கி வந்தேன். மூன்று வாரம் பிடித்தது. அந்த மூன்று வாரத் தேடலே இக்கட்டுரை.

எம்மிடம் இந்நோய்க்கு இருக்கும் சொற்களை ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தேன். ஆண்மைக் குறைவு, ஆண்மை இழப்பு, ஆண்மையற்றவன். எல்லாமே ஏச்சாக இருந்தன. கால் நோய் வந்தவனைக் கால் வருத்தக்காரன் என்கிறோம். கண் மங்கியவனுக்குக் கண்ணில் குறை என்கிறோம். இந்த ஓர் உறுப்பில் குறை வந்தால் மட்டும் அந்த மனிதனின் ஆண் தன்மையே போய்விட்டது என்று மொழி தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. தன்னைத் தானே ஏசிக்கொண்டுதான் ஒருவன் டொக்டரின் கதவைத் தட்ட வேண்டுமென்றால் எவன் தட்டுவான்?

இவ்விடத்தில் ஒரு பழைய விடயத்தைச் சொல்லியாக வேண்டும். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னர், நான் ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த காலம். எமது உறவுக்குள் ஒரு திருமணம். மாப்பிள்ளைக்கு வயது முப்பத்தெட்டு. நல்ல உழைப்பாளி, கைகால் வீசி நடக்கிற மனிதர். எட்டு மாதத்தின் பின் பெண் தன் தாயின் காதில் ஏதோ சொன்னாள். தாய் மூத்தம்மாவிடம் சொன்னாள். ஒரு கிழமைக்குள் ஊரே அறிந்துவிட்டது. விடயம் காழியாரிடம் போனது. அவர் கிதாபில் உள்ளபடி ஒரு வருடத் தவணை கொடுத்தார்.

அந்த ஒரு வருடத்தில் என்ன நடந்தது? பரிசாரி ஒருவர் லேகியம் கொடுத்தார். இன்னொருவர் தண்ணீர் ஓதிக் கொடுத்தார். சந்தை நாளில் போத்தல் விற்க வந்தவன் ஒருவன் இரண்டு மாதச் சம்பளத்தைக் கறந்துகொண்டான். தேநீர்க் கடையில் இளைஞர்கள் அவருக்கு ஒரு பட்டப் பெயர் வைத்தார்கள். வைத்தியசாலைக்குப் போங்கள் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. வருடம் முடியுமுன் அவர் ஒரு பையோடு வெளிநாடு போய்விட்டார். பஸ்ஹ் நடந்தது. அவருக்குக் கல்யாணத்திற்கு முன்பிருந்தே சீனி வருத்தம் இருந்தது என்பது பல வருடங்களின் பின்புதான் தெரியவந்தது.

அந்தப் பட்டப் பெயரைக் கேட்டுச் சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

ஐந்து கேள்விகளுக்குச் சொல் தேடத் தொடங்கியபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது காழியார் அன்று உச்சரித்த ஓர் அறபுச் சொல்தான்: இன்னீன். தாம்பத்திய உறவுக்கு இயலாத கணவனுக்கு பிக்ஹு நூல்கள் தரும் பெயர் அது. அந்தச் சொல்லைத் தொடர்ந்து போனபோது, நான் ஒருபோதும் கவனித்துப் படிக்காத ஒரு வரலாறு விரிந்தது.

நபி (ஸல்) அவர்களது சபையில் இவ்விடயங்கள் பேசப்பட்டன என்பதை ஹதீஸ்களில் காண்கிறோம். உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள், உண்மையைச் சொல்ல அல்லாஹ் வெட்கப்படுவதில்லை என்று கூறியபடி, பெண்களுக்கு ஏற்படும் கனவு ஸ்கலிதம் பற்றி நேரடியாகக் கேட்டார்கள். அலி (ரலி) அவர்களுக்கோ தமது உடல் பற்றிய ஒரு சந்தேகத்தைக் கேட்க வெட்கமாக இருந்தது. நபிகளாரின் மகள் தமக்கு மனைவியாக இருந்தமையே காரணம். எனவே மிக்தாத் (ரலி) அவர்களை அனுப்பிக் கேட்டறிந்தார்கள். வெட்கம் அவரையும் தடுத்தது, ஆனால் கேள்வியைத் தடுக்கவில்லை. தானாகக் கேட்க முடியாதவனுக்கு இன்னொரு வாயைத் தேடிக் கொடுக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு சம்பவம் நேரடியாகவே எமது விடயத்தைச் சேர்ந்தது. ரிபாஆ என்பவர் விவாகரத்துச் செய்த பெண், அப்துர் ரஹ்மான் இப்னு ஸபீர் என்பவரை மணந்த பின்னர், நபிகளாரிடம் வந்து தனது புதிய கணவரின் இயலாமையை முறையிட்டார். தன் ஆடையின் ஓரத்தைத் தூக்கிக் காட்டி உவமை சொன்னார். வாசலில் நின்ற காலித் இப்னு ஸஈத் (ரலி) அவர்கள், இப்படிச் சத்தமாகப் பேசும் இந்தப் பெண்ணைத் தடுக்கமாட்டீரா என்று உள்ளே இருந்த அபூபக்ர் (ரலி) அவர்களைக் கேட்டார்கள். நபிகளாரோ புன்னகை செய்ததற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. மற்றோர் அறிவிப்பில் அந்தக் கணவர் தமது இரண்டு பிள்ளைகளோடு வந்து முறைப்பாட்டை மறுக்கிறார். யார் சொன்னது சரி என்பது இங்கே எமது கவலை அல்ல. மனைவியும் பேசினாள், கணவனும் பேசினான், இருவரது பேச்சும் கேட்கப்பட்டது.

இனி அந்த ஒரு வருடத் தவணைக்கு வருவோம். உமர் (ரலி) அவர்கள் இத்தகைய கணவனுக்கு ஒரு வருடம் அவகாசம் கொடுத்துத் தீர்ப்பளித்ததாக அறிவிப்புகள் உள்ளன. ஸஈத் இப்னுல் முஸய்யப் அவர்களின் இதே கருத்தை இமாம் மாலிக் முவத்தாவில் பதிவு செய்துள்ளார். ஷாபிஈ, ஹனபி மத்ஹபுகளும் இதை ஏற்றன. எமது நாட்டின் 1951ஆம் ஆண்டு 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமும் மனைவி கோரும் விவாகரத்தை அவள் சார்ந்த மத்ஹபின் சட்டத்தோடு இணைத்திருக்கிறது. அன்று எங்கள் காழியார் கொடுத்த தவணையின் வேர் அதுதான்.

ஆனால் ஏன் ஒரு வருடம்? ஆறு மாதம் ஏன் இல்லை? சட்ட அறிஞர்கள் சொல்லும் காரணம் என்னை வியக்க வைத்தது. வருடத்தில் நான்கு பருவங்கள் உள்ளன. இயலாமை உடற்சூட்டால் வந்ததாயின் குளிர்காலத்தில் நீங்கலாம். குளிர்ச்சியால் வந்ததாயின் கோடையில் நீங்கலாம். வறட்சியால் வந்ததற்கும் ஈரத்தால் வந்ததற்கும் அவ்வாறே ஏற்ற பருவங்கள் உண்டு. நான்கும் கடந்த பின்னும் குணமாகவில்லையென்றால்தான் அது இயல்பான குறை என்று முடிவு செய்யலாம். அக்காலத்து யூனானி மருத்துவத்தின் சூடு, குளிர், வறட்சி, ஈரம் என்ற கணக்கை சட்ட அறிஞர்கள் அப்படியே நீதிமன்றத்துக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். அந்த மருத்துவக் கொள்கை இன்று காலாவதியாகிவிட்டது. அதன் பின்னால் நின்ற எண்ணம் காலாவதியாகவில்லை: இது ஒரு நோய், நோய் குணமாகக் கூடியது, ஆகவே அவகாசம் கொடு. மருந்துக்காகத் தரப்பட்ட அந்த வருடத்தைத்தான் நாங்கள் பட்டப் பெயர் வைப்பதில் செலவழித்தோம்.

நீதிமன்றத்துக்கு மருத்துவக் கணக்கைக் கடன் கொடுத்த வைத்தியர்களும் வாய்மூடி இருக்கவில்லை. பத்தாம் நூற்றாண்டில் கைரவானில் வாழ்ந்த இப்னுல் ஜஸ்ஸார், பயணிகளுக்கான கைநூலாக எழுதிய ஸாதுல் முஸாபிர் ஏழு பகுதிகளைக் கொண்டது. ஆறாம் பகுதி பெரும்பாலும் பாலுறுப்பு நோய்கள் பற்றியது. வைத்தியர் கிடைக்காத ஊரில் சிக்கிய மனிதனுக்கும் இந்நோய்க்கு வழி தெரிந்திருக்க வேண்டும் என்று அவர் கருதியிருக்கிறார். அடுத்த நூற்றாண்டில் ஆபிரிக்கரான கொன்ஸ்தந்தீன் என்ற துறவி இத்தாலியில் இருந்துகொண்டு இந்நூலை லத்தீனுக்குக் கொண்டு சென்றார். இவ்விடயம் பற்றித் தனி நூல் ஒன்றும் லத்தீனில் ஆக்கினார். ஆங்கிலக் கவிஞர் சோசரின் கதையொன்றில் அந்நூலை எழுதியதற்காகவே இத்துறவி ஏச்சு வாங்குகிறார்.

இப்னு ஸீனாவின் கானூன் நூலின் மூன்றாம் பாகத்தில் நான் கண்டது இன்னும் ஆழமானது. இயலாமைக்கான காரணங்களை அவர் உறுப்பிலும், இருதயம், மூளை, ஈரல் ஆகியவற்றிலும் தேடிவிட்டு, மனத்துக்கு வருகிறார். துணை மீது வெறுப்பு, கூச்சம், தன்னால் முடியாது என்று முன்கூட்டியே உள்ளத்தில் விழுந்த எண்ணம் ஆகியவற்றையும் காரணங்களாகச் சொல்கிறார். ஒரு தடவை தற்செயலாகத் தவறிவிட்டால், மறுபடி முயலும் ஒவ்வொரு தடவையும் அந்த நினைவே முன்னால் வந்து நிற்கும் என்கிறார். 1037இல் காலமான ஒருவர் இதை எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் மாஸ்டர்ஸ், ஜோன்சன் என்ற இருவர் 1970இல் வெளியிட்ட நூலில் தோல்வி பற்றிய அச்சம் என்று விரிவாக விளக்கியதும் இதையே.

மூஸா இப்னு மைமூன், ஸலாஹுத்தீன் ஐயூபியின் சகோதரர் மகனும் ஹமா நகரின் ஆட்சியாளருமான அல்-மலிக் அல்-முழப்பரின் வேண்டுகோளுக்காக இவ்விடயம் பற்றித் தனி நூலே எழுதினார். இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்நூல் அரண்மனையின் தேவைக்கு எழுதப்பட்டது. ஆட்சியாளனுக்கு வைத்தியர் நூல் எழுதிக் கொடுத்தார். ஏழைக்குக் காழியின் தவணைதான் கிடைத்தது. எமது பொற்காலம் எல்லோருக்கும் ஒரே அளவில் பொன்னாக இருக்கவில்லை.

ஐரோப்பாவிலும் திருச்சபைச் சட்டம் தம்பதியர் மூன்று வருடம் சேர்ந்து வாழ்ந்து பார்க்க இடம் கொடுத்திருந்தது. ஆயினும் பிரான்ஸில் ஒரு கொடுமையான வழக்கமும் வளர்ந்தது. இயலாதவன் என்று குற்றம் சாட்டப்பட்ட கணவன், வைத்தியர்களும் மருத்துவிச்சிகளும் அருகே காத்திருக்க, தன் ஆற்றலை நிரூபித்துக் காட்ட வேண்டும். 1659இல் லான்ஜே என்ற பிரபு அச்சோதனையில் தோற்றார், திருமணம் ரத்தானது. அவர் பின்னர் வேறொரு பெண்ணை மணந்து ஏழு பிள்ளைகளுக்குத் தந்தையானார். 1677இல் பாரிஸ் உயர் நீதிமன்றம் அச்சோதனையை ஒழித்தது. வைத்தியர் சாட்சியாக வந்து நின்றால் நோய் கூடும் என்பதை ஐரோப்பா இப்படித்தான் கற்றுக்கொண்டது.

அதன் பின்னரும் நேரான பாதை கிடைத்துவிடவில்லை. 1889இல் பிரவுன்-செக்கார் என்ற புகழ்பெற்ற உடலியல் அறிஞர், தமது எழுபத்திரண்டாவது வயதில், விலங்குகளின் விதைச் சாற்றைத் தமக்கே ஊசியாக ஏற்றி இளமை திரும்பியதாக அறிவித்தார். 1920களில் வொரோனோவ் குரங்கின் சுரப்பித் துண்டுகளை மனிதருக்கு ஒட்டினார். பணக்காரர் வரிசையில் நின்றனர். பயன் ஒன்றுமில்லை. எங்கள் சந்தைக்கு வந்த போத்தல்காரனுக்குப் படித்த முன்னோர்களும் இருந்திருக்கிறார்கள்.

அடுத்து வந்தது, எல்லாம் மனத்தின் கோளாறே என்ற காலம். மாஸ்டர்ஸ், ஜோன்சன் இருவரும் கணவன் மனைவி இருவரையும் சேர்த்து அழைத்துப் பேசியது பெரிய முன்னேற்றம். ஆனால் பெரும்பாலான நோயாளருக்கு மனமே காரணம் என்ற கருத்து பலமாக வேரூன்றியதால், சீனி வருத்தக்காரனும் புகைப்பவனும் தங்கள் மனத்தைத்தான் குறை சொல்ல வேண்டியதாயிற்று. 1982இல் பாரிஸ் சத்திரசிகிச்சையாளர் விராக், பப்பாவெரின் என்ற மருந்தை உறுப்பில் ஏற்றினால் விறைப்பு உண்டாவதைக் கண்டார். 1983இல் பிரித்தானிய அறிஞர் பிரின்ட்லி, லாஸ் வேகாஸ் நகரில் சிறுநீரக சத்திரசிகிச்சை நிபுணர்கள் கூடிய சபையில், தமக்கே மருந்தை ஏற்றிக்கொண்டு வந்து மேடையிலேயே அத்தாட்சியைக் காட்டினார். அதன் முழு விபரம் இச்சஞ்சிகையின் பக்கங்களுக்கு ஏற்றதல்ல. ஆசையோ தூண்டலோ எதுவுமின்றி, இரத்தக் குழாய்த் தசை தளர்ந்தாலே போதும் என்பது அன்று நிரூபணமானது. வெட்கத்தை உதறிவிட்டு ஒரு வைத்தியர் நின்றதால், வெட்கத்தோடிருந்த இலட்சக் கணக்கானோருக்கு இது உடலின் நோயும்தான் என்று சொல்ல முடிந்தது.

1992இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் சபை ஒரு சொல்லை மாற்றியது. ஆற்றலற்றவன் என்ற பொருள் தொனிக்கும் பழைய சொல்லைக் கைவிட்டு, விறைப்புத் தொழிற்பாட்டுக் குறைபாடு என்று பொருள்படும் பெயரைப் பரிந்துரைத்தது. ஒரு தமிழ் ஆசிரியனுக்கு இவ்வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ஏச்சை எடுத்துவிட்டு நோயின் பெயரை வைத்தார்கள். 1994இல் வெளியான மசசூசெட்ஸ் ஆய்வு, நாற்பது முதல் எழுபது வயதுக்கு இடைப்பட்ட ஆண்களில் 52 வீதமானோருக்கு ஏதோவோர் அளவில் இக்குறை இருப்பதாகக் காட்டியது. 1997இல் பதினைந்து கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உருவானது. 1999இல் அது ஐந்தாகச் சுருங்கியது. அந்த ஐந்துதான் என் மேசைக்கு வந்தது.

1998 மார்ச் 27ஆம் திகதி சில்டெனாபில், அதாவது வயாகரா, அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இங்கிலாந்தின் சான்ட்விச் என்ற ஊரில் நெஞ்சுவலிக்காக ஆராயப்பட்ட மருந்து அது. இரத்தக் குழாய்களைத் தளர்த்தும் நைட்ரிக் ஒக்சைட்டின் தொழிற்பாட்டைக் கண்டறிந்த மூவருக்கு அதே வருடம் நோபல் பரிசும் கிடைத்தது. 1996 ஜனாதிபதித் தேர்தலில் தோற்ற பொப் டோல், புரொஸ்டேட் சத்திரசிகிச்சைக்குப் பின் தமக்கு நேர்ந்த குறையைத் தொலைக்காட்சி விளம்பரத்தில் வந்து பேசினார். மருந்துக் கம்பனியின் வியாபாரம் அதற்குள் இருந்தது உண்மை. ஆண்கள் பலருக்கு வாய் திறந்ததும் உண்மை.

இவ்வளவும் ஒரு சுகத்துக்காகவா என்று சிலர் கேட்கலாம். டொக்டர் என்னிடம் விளக்கியது இதற்கான பதில். அந்த உறுப்புக்குப் போகும் நாடி ஒன்று அல்லது இரண்டு மில்லிமீற்றர் அகலம். இருதயத்தின் நாடி மூன்று அல்லது நான்கு மில்லிமீற்றர். குழாய்களில் கொழுப்புப் படியும்போது சிறியது முதலில் அடைபடும். பெரியது சில வருடங்களின் பின் அடைபடும். விறைப்புக் குறை வந்தவர்களுக்குப் பின்னாளில் இருதய நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்பதை 2005இல் வெளியான பெரிய ஆய்வொன்றும் உறுதி செய்தது. ஆகவே கூச்சத்தால் மறைப்பவன் மாரடைப்பின் முன்னறிவிப்பையே மறைக்கிறான்.

அதனால்தான் நல்ல டொக்டர் நோயாளி சொல்லும்வரை காத்திருக்கமாட்டார். சீனி, பிறஷர், இருதய நோய் உள்ள ஆண்களிடம் தானே கேட்பார், தனிமையில் கேட்பார். இரத்தத்தில் சீனி, கொழுப்பு, தேவையானால் ஹோர்மோன் பார்ப்பார். பாவிக்கும் மருந்துகளைப் பார்ப்பார். பிறஷருக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கும் சில குளிசைகளே இக்குறையைத் தரலாம். புகைப்பதை விடச் சொல்வார். நோயாளி விரும்பினால் மனைவியையும் அழைத்துப் பேசுவார். நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் நைட்ரேற் குளிசை பாவிக்கிறீர்களா என்று கட்டாயம் கேட்பார். அதனோடு சில்டெனாபில் சேர்ந்தால் பிறஷர் ஆபத்தான அளவுக்கு விழுந்து உயிரே போகலாம். மூலிகை என்று சொல்லி விற்கப்படும் சில போத்தல்களில் அதே மருந்து இரகசியமாகக் கலக்கப்பட்டிருப்பதை ஆய்வுகூடங்கள் பலமுறை கண்டுபிடித்திருக்கின்றன. போத்தல்காரன் நைட்ரேற் பற்றிக் கேட்பதில்லை.

கடைசியில் ஐந்து கேள்விகளையும் எழுதி முடித்தேன். முதற் கேள்வி தன்னம்பிக்கை பற்றியது. நம்பிக்கை என்று எழுதினால் எங்கள் ஆட்கள் ஈமானை நினைப்பார்கள். முடியும் என்ற தைரியம் என்று எழுதினேன். உறவைக் குறிக்கும் சொல்லுக்குத்தான் அதிகம் தடுமாறினேன். பாடப்புத்தகச் சொல் விளங்காது, தெருச் சொல் கூசும். ஒருநாள் பள்ளியில் கடமையான குளிப்பு பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. எழுபது வயது முதியவர் ஒருவர் ஜிமாஉ என்ற சொல்லை எந்தக் கூச்சமும் இல்லாமல் உச்சரித்துச் சட்டம் கேட்டார். சிறுவயதில் ஓதப் பள்ளியில் படித்த சொல். அதில் அழுக்கே ஒட்டியிருக்கவில்லை. எங்கள் ஆட்களுக்கான தாளில் அதையே எழுதினேன். தமிழ்ச் சகோதரர்களுக்கான தாளில் குடும்பம் நடத்துதல் என்று எழுதினேன். இரண்டிலும் ஆண்மை என்ற சொல் இல்லை.

டொக்டர் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு படிப் பிரதி எடுத்து லாச்சிக்குள் வைத்துக்கொண்டார்.

வெளிநாடு போன அந்த மச்சானின் இலக்கத்தை ஒரு உறவினரிடம் வாங்கி வைத்திருக்கிறேன். அவருக்கு இப்போது அறுபதை நெருங்கும். இருதயம் எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும். அதற்கு முன் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. மூன்று வாரத்தில் ஐந்து கேள்விகளுக்குச் சொல் கண்டுபிடித்த எனக்கு, அந்த ஒரு வாக்கியத்துக்கு இன்னும் சொல் கிடைக்கவில்லை.